ஒரு ரோமானியக் காசின் சாட்சியம்

பழைய வீடுகளில் பாட்டிமார் சில வெள்ளி ரூபாய்களைத் துணியில் முடிந்து பெட்டியின் அடியில் வைத்திருப்பார்கள். விக்டோரியாவின் தலையோ, ஐந்தாம் ஜார்ஜின் தலையோ பொறித்த ரூபாய்கள் அவை. "இதை ஏன் பாட்டி செலவழிக்கவில்லை?" என்று கேட்டால், "இது நல்ல வெள்ளி, பின்னால் வந்ததெல்லாம் இப்படி இல்லை" என்று பதில் வரும். பாட்டி பொருளாதாரம் படித்தவர் அல்லர். ஆனாலும் அவர் சொன்னது முற்றிலும் சரி. 1940 வரை நம் ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி இருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டில் அது பாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-இல் வெள்ளி அறவே நீங்கி நிக்கல் ரூபாய் வந்தது. நல்ல காசு பெட்டிக்குள் போயிற்று. மட்டமான காசு சந்தையில் உலவிற்று.

இதே நிகழ்ச்சி, இதைவிடக் கடுமையான அளவில், ஏறத்தாழ 1,750 ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் பேரரசில் நடந்தது. அதற்குச் சாட்சியாக ஒரு காசு இப்போது என் மேசைமீது இருக்கிறது. வெளிநாட்டில் பணிபுரியும் உறவினர் ஒருவர், அங்குள்ள நாணய வணிகரிடம் ரசீதுடன் வாங்கிக் கொடுத்தது இது. பெரிய விலை இல்லை. இந்தப் பேரரசனின் காசுகள் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் கிடைப்பதால், பழங்காசு சேர்க்கத் தொடங்குவோர் முதலில் வாங்குபவற்றுள் இவையும் உண்டு.

காசு நம் பழைய இருபத்தைந்து பைசா அளவுதான். நிறம் கரும்பழுப்பு. ஒரு பக்கம் தாடி வைத்த ஒரு மனிதனின் தலை. தலையில் சூரியக் கதிர்களைப் போல் முள்முள்ளாக நீண்ட முடி. தாடியின் இடுக்கில் மட்டும் வெள்ளி மினுமினுப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மறு பக்கம் நடந்து செல்லும் ஒரு சிறுத்தை. அதன் காலடியில் 'பீட்டா' என்னும் கிரேக்க எழுத்து. சுற்றிலும் இலத்தீன் வாசகம்: "பேரரசரைக் காக்கும் லிபர் தந்தைக்கு" என்பது அதன் பொருள். லிபர் ரோமானியரின் மதுக் கடவுள்; சிறுத்தை அவருடைய விலங்கு.

இந்தக் காசை ஒரு வழக்கின் சாட்சியாக வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்போம். உன்மேல் என்ன எழுதியிருக்கிறது? நீ எதனால் ஆனாய்? நீ எங்கே கிடைத்தாய்? முதல் இரண்டுக்கும் காசு பதில் சொல்லும். மூன்றாவது கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது.

யார் இந்தக் கல்லியேனஸ்?

காசில் உள்ள தலை பேரரசன் கல்லியேனஸுடையது. கி.பி. 253-இல் அவன் தந்தை வலேரியன் ஆட்சியைப் பிடித்து, மகனையும் இணைப் பேரரசனாக்கிக்கொண்டான். தந்தை கிழக்கைக் கவனித்தான். மகன் மேற்கில் ரைன், டான்யூப் ஆற்று எல்லைகளைக் காத்தான்.

260-ஆம் ஆண்டு இடி விழுந்தது. பாரசீக மன்னன் முதலாம் ஷாப்பூரிடம் வலேரியன் உயிரோடு சிறைப்பட்டான். ரோமானியப் பேரரசன் ஒருவன் பகைவர் கையில் சிறைப்பட்டது அதுவே முதல் தடவை. ஈரானில் நக்ஷ்-இ-ருஸ்தம் பாறையில் ஷாப்பூர் செதுக்கி வைத்த வெற்றிச் சிற்பத்தை இன்றும் காணலாம்.

பேரரசு மூன்றாகப் பிளந்தது. மேற்கில் போஸ்டுமஸ் என்னும் தளபதி தன்னைப் பேரரசனாக அறிவித்துக்கொண்டான். இன்றைய பிரான்சும் பிரிட்டனும் அவன் கைக்குப் போயின. கல்லியேனஸின் இளைய மகன் சலோனினஸ் கொலோன் நகரில் கொல்லப்பட்டான். மூத்த மகன் அதற்கு முன்பே இறந்துவிட்டிருந்தான். கிழக்கில் பால்மைரா நகரின் தலைவன் ஓடனாதஸ் பாரசீகரை விரட்டினான். பெயரளவில் ரோமுக்கு அடங்கியிருந்தாலும் அதிகாரம் அவனுடையதே. நடுவில் மீந்த பகுதியில் கிளர்ச்சிக்கு மேல் கிளர்ச்சி. இவற்றுக்கிடையே ஒரு கொள்ளைநோய் வேறு பேரரசு முழுதும் பரவி மக்களை வாரிக்கொண்டு போயிற்று. 268-இல் மிலான் நகரில் கிளர்ந்த அவுரியோலஸ் என்னும் தளபதியைக் கல்லியேனஸ் முற்றுகையிட்டிருந்தபோது, அவனுடைய சொந்த அதிகாரிகளே அவனைக் கொன்றார்கள்.

இறந்த பிறகும் அவனை விடவில்லை. இலத்தீன் வரலாற்றாசிரியர்கள் அவனைச் சோம்பேறி என்றும், நாடு எரியும்போது களியாட்டத்தில் மூழ்கியவன் என்றும் எழுதினார்கள். படைத்தலைமையிலிருந்து செனட் உறுப்பினரை அவன் விலக்கினான் என்பதை நினைவில் கொண்டால், செனட்டுக்கு வேண்டிய எழுத்தாளர்களின் கோபத்துக்குக் காரணம் புரியும். கிரேக்க மொழியில் எழுதியவர்கள் அவ்வளவு கடுமை காட்டவில்லை. எழுதியவர்கள் இப்படி முரண்படும்போது நாம் யாரை நம்புவது? அங்கேதான் காசு கூண்டில் ஏறுகிறது.

எழுத்தின் சாட்சியம்

கல்லியேனஸின் காசுகளை வரிசையாக வைத்துப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒன்றில் "பேரரசரின் அமைதி". இன்னொன்றில் "நிலையான பாதுகாப்பு". மற்றொன்றில் "பேரரசரின் செழிப்பு". ஒரு பெண்தெய்வம் கொம்புக் கலத்திலிருந்து செல்வத்தைக் கொட்டுகிறாள். பல காசுகளில் "படையினரின் விசுவாசம்". ஒரு தங்க நாணயத்தில் "எங்கும் அமைதி" என்றே பொறித்தார்கள்!

அமைதியும் பாதுகாப்பும் செழிப்பும் எவையெவை இல்லாமல் போயினவோ, அவற்றின் பெயர்களே காசில் ஏறின. செய்தித்தாளும் வானொலியும் இல்லாத காலத்தில், ஆள்பவன் சொல்ல விரும்பியதை மக்கள் கையில் சேர்ப்பதற்குக் காசைவிட நல்ல சாதனம் கிடையாது. ஆகவே காசின் எழுத்து நடந்ததைச் சொல்வதில்லை. நடந்ததாக நம்ப வைக்க விரும்பியதைச் சொல்கிறது.

என் சிறுத்தைக் காசும் அப்படிப்பட்டதே. 267, 268 ஆண்டுகளில் ரோம் நகர நாணயச்சாலை ஒரு விலங்கு வரிசையை வெளியிட்டது. டயானாவுக்கு மான், சூரியனுக்குச் சிறகுள்ள குதிரை, நெப்டியூனுக்குப் பாதி குதிரை பாதி மீனான கடற்குதிரை, ஜுபிட்டருக்கு ஆடு, ஹெர்குலிஸுக்குக் காட்டுப்பன்றி என்று ஒவ்வொரு கடவுளுக்கும் ஒரு விலங்கு. எல்லாக் காசுகளிலும் ஒரே வேண்டுதல்: பேரரசரைக் காப்பாற்று! சேகரிப்போர் இதை 'விலங்குக் காட்சிசாலை' என்று செல்லமாக அழைத்து, வகைக்கு ஒன்றாகத் தேடிச் சேர்க்கிறார்கள். ஆனால் அழகான விலங்குகளுக்குப் பின்னால் நிற்பது, எல்லாப் பக்கமும் சூழப்பட்ட ஒரு மனிதனின் அச்சம்.

வாசகத்தைவிடக் காலடியில் உள்ள சிற்றெழுத்து நம்பகமானது. 'பீட்டா' என்றால் இரண்டு. இது இரண்டாம் பட்டறையில் அடித்த காசு என்பதற்கான அடையாளம் அது. தவறு நேர்ந்தால் எந்தப் பட்டறை பொறுப்பு என்று கண்டுபிடிக்க வைத்த கணக்குக் குறி. மக்களை நம்பவைக்க எழுதியது அன்று. ஆதலால் அதில் பொய் இல்லை. அந்தக் குறிகளை எண்ணிப் பார்த்தால், ரோம் நாணயச்சாலையின் பட்டறைகள் ஆறிலிருந்து பன்னிரண்டாகப் பெருகியது தெரிகிறது. அதோடு நிற்கவில்லை. மிலானிலும், இன்றைய குரோவேஷியாவில் உள்ள சிஸ்கியாவிலும் புதிய நாணயச்சாலைகள் இயங்கின. இரண்டும் போர்முனைக்கு அருகில் உள்ளவை. களியாட்டத்தில் மூழ்கியவன் என்று ஏசப்பட்டவன், படைவீரனுக்குச் சம்பளம் நேரத்தில் போய்ச் சேர வழி செய்துகொண்டிருந்தான் என்பதைக் காசு காட்டுகிறது.

உலோகத்தின் சாட்சியம்

இனி இரண்டாம் கேள்வி. இக்காசு வகைக்கு அந்தோனினியானஸ் என்று பெயர். கரகல்லா என்ற பேரரசன் 215-இல் இதைக் கொண்டுவந்தான். இரண்டு டெனாரியஸ் மதிப்புக்குச் செல்ல வேண்டிய காசு. ஆனால் அதில் இருந்த வெள்ளியோ ஒன்றரை டெனாரியஸ் அளவே. பிறக்கும்போதே ஏமாற்றுடன் பிறந்த காசு! தொடக்கத்தில் அதில் ஏறத்தாழப் பாதி வெள்ளி இருந்தது. வலேரியனும் கல்லியேனஸும் சேர்ந்து ஆண்டபோது அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. 268-இல் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் மிச்சம்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஆர்க்கிமிடீஸ் முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். காசைக் காற்றில் ஒரு முறையும், நூலில் கட்டி நீரில் அமிழ்த்தி ஒரு முறையும் எடை பார்த்தால் அதன் பருமன் கிடைக்கும். அதிலிருந்து அடர்த்தி கிடைக்கும். வெள்ளியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம், செம்பினுடையது 8.96 கிராம். கலவையின் அடர்த்தி இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டும்.

என் மாணவர்களோடு சேர்ந்து இந்தக் காசை ஆய்வகத்தில் நிறுத்துப் பார்த்தேன். நிறை 2.940 கிராம். நீரின் வெப்பநிலைக்கு உரிய திருத்தம் செய்தபின் பருமன் 324 கன மில்லிமீட்டர். இதே நிறையுள்ள தூய செம்புக்குப் பருமன் 328.1, தூய வெள்ளிக்கு 280.3. இரண்டுக்கும் வேறுபாடு 47.8. நம் காசு செம்பைவிட 4.1 குறைவு. 4.1-ஐ 47.8-ஆல் வகுத்தால் 0.086. அதாவது நூற்றுக்கு எட்டரைப் பங்கு வெள்ளி! மாணவர்கள் கைதட்டினார்கள். கல்லியேனஸ் பிழைத்தான் என்றான் ஒருவன்.

நான் ஒரு கேள்வி கேட்டேன்: "காசில் ஒரு நீர்க்குமிழி ஒட்டியிருந்தால் என்ன ஆகும்?" ஒரு கன மில்லிமீட்டர் அளவுள்ள குமிழி, கடுகை விடச் சிறியது, விடையை நூற்றுக்கு இரண்டு பங்கு மாற்றிவிடும். நாங்கள் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் பயன்படுத்தியிருந்தோம். ஆகவே குமிழியைக் குற்றம் சொல்வதற்கில்லை. அடுத்த கேள்வி: "காசில் செம்பும் வெள்ளியும் மட்டுந்தான் உண்டு என்று யார் சொன்னது?" வகுப்பு அமைதியாயிற்று. ஈயத்தின் அடர்த்தி 11.34, வெள்ளியைவிட அதிகம். நூற்றுக்கு ஆறு பங்கு ஈயம் இருந்தாலே, வெள்ளி ஒரு துளிகூட இல்லாமல் இதே 4.1 கன மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். இக்காலத்து ரோமானியக் காசுகளில் ஈயமும் தகரமும் கலந்திருப்பது தெரிந்த செய்தி. தகரம் செம்பைவிட அடர்த்தி குறைந்தது. அது விடையை எதிர்ப்பக்கம் இழுக்கும். ஆக எங்கள் எட்டரைப் பங்கு கணக்கு சரியே. ஆனால் அது கண்டுபிடித்தது வெள்ளியை அன்று. கருவி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் குறையுள்ளது.

இதைவிடத் தந்திரமான பொய் ஒன்றும் உண்டு. மங்கிய பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது ஏன்? புளியில் உள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்து எடுத்துவிடுகிறது. ரோமானியப் பட்டறைக்காரர் இதையே வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள். வெள்ளியும் செம்பும் கலந்த வில்லையைக் காற்றுபடக் காய்ச்சினால் மேற்பரப்பிலுள்ள செம்பு மட்டும் ஆக்சைடாகும். பிறகு அமிலத்தில் இட்டால் அந்த ஆக்சைடு கரைந்துபோய், வெள்ளி மட்டும் பஞ்சுபோல் மேலே நிற்கும். அதன்மேல் அச்சை வைத்துச் சம்மட்டியால் அடித்தால் பஞ்சு அமுங்கி, முழு வெள்ளிக்காசு போல் ஒளிவிடும். உள்ளே செம்பு, வெளியே வெள்ளித் தோல்.

இந்தத் தோல் அன்றைய சந்தைக்காரரை ஏமாற்றியது மட்டுமா? இருபதாம் நூற்றாண்டு அறிவியலாரையும் ஏமாற்றியது. 1970-களில் டேவிட் வாக்கர் என்னும் ஆய்வாளர் ஏராளமான ரோமானிய வெள்ளிக் காசுகளை எக்ஸ்-கதிர் ஒளிர்வு முறையில் அளந்து பெரும் பட்டியல்கள் வெளியிட்டார். எக்ஸ்-கதிரைக் காசின்மேல் பாய்ச்சினால் ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கதிரை வெளியிடும்; அதைக்கொண்டு அளவு காணலாம். ஆனால் அந்தக் கதிர் உலோகத்துக்குள்ளிருந்து வெளிவருவது, மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு ஆழத்திலிருந்துதான். ஏறத்தாழத் தோலின் தடிமன் அவ்வளவே! பின்னர் கெவின் புச்சர், மாத்யூ பாண்டிங் ஆகிய இருவரும், காசின் ஓரத்தில் நுண்ணிய துளையிட்டு உள்ளே இருக்கும் உலோகத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். 2014-இல் வெளியான அவர்கள் நூல் நீரோ முதல் டிராஜன் வரையுள்ள காசுகளைப் பற்றியது. மேற்பரப்பை மட்டும் பார்த்த பழைய அளவுகள் பல இடங்களில் வெள்ளியை மிகைப்படுத்தியிருந்தன என்பது அதனால் தெளிவாயிற்று.

வெள்ளி எங்கே போயிற்று?

படைக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுக்காத பேரரசன் உயிர் பிழைக்க மாட்டான். வரி வசூலாகும் மாகாணங்களில் பாதி கைவிட்டுப் போயிற்று. சுரங்கமும் வற்றியது. இதற்கு எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து சான்று வந்தது: கிரீன்லாந்து பனிக்கட்டி! வெள்ளி பெரும்பாலும் ஈயத் தாதுவோடு சேர்ந்தே கிடைக்கும். தாதுவை உருக்கும்போது ஈயப் புகை காற்றில் கலந்து, வடக்கே போய்ப் பனியோடு படியும். ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிந்த அந்தப் பனியைத் துளைத்து எடுத்து, அதிலுள்ள ஈயத்தை அளந்து 2018-இல் முடிவுகள் வெளியிட்டார்கள். கி.பி. முதலிரு நூற்றாண்டுகளில் உயர்ந்திருந்த ஈய அளவு, 165-இல் தொடங்கிய கொள்ளைநோயை ஒட்டிச் சரிந்தது. பிறகு ஐந்நூறு ஆண்டுகளுக்குமேல் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கல்லியேனஸ் பிறப்பதற்கு முன்பே வெள்ளியின் ஊற்று வற்றத் தொடங்கிவிட்டது. அவன் செய்த குற்றமாக எழுதப்பட்டதில் ஒரு பகுதி அவனுக்கு வந்து சேர்ந்த கடன்.

மக்கள் என்ன செய்தார்கள்? எகிப்தில் 260-இல் எழுதிய ஒரு பாப்பிரஸ் ஏடு கிடைத்திருக்கிறது. அப்போது எகிப்து, கல்லியேனஸுக்கு எதிராக எழுந்த மாக்ரியானஸ், குயீட்டஸ் என்ற சகோதரர்கள் வசம் இருந்தது. பேரரசர்களின் காசை வாங்க மறுத்து நாணயம் மாற்றுவோர் கடைகளை மூடிவிட்டார்கள். கடையைத் திறந்து காசை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையேல் தண்டனை என்று அதிகாரி ஆணையிடுகிறார். மற்றவர்கள் பாட்டி செய்ததையே செய்தார்கள்: பழைய நல்ல காசை மண்ணுக்குள் புதைத்தார்கள். ஆனால் எகிப்திய ஏடுகளில் உள்ள விலைகளை ஆராய்ந்தோர் இன்னொன்றையும் கண்டார்கள். காசு கெட்ட வேகத்தில் விலைவாசி உயரவில்லை. 274-ஐ ஒட்டித்தான் அது ஒரேயடியாகப் பத்து மடங்கு போல் தாவியது. வெள்ளி போன பிறகும் நம்பிக்கை சில காலம் காசைத் தாங்கி நின்றது. நம்பிக்கை உடைந்த அன்றுதான் காசு விழுந்தது.

கிடைத்த இடத்தின் சாட்சியம்

மூன்றாம் கேள்வி: நீ எங்கே கிடைத்தாய்? என் சிறுத்தைக் காசு இதற்கு வாய் திறக்காது. எந்த வயலில், எந்தப் பானையில், எந்தக் காசுகளோடு இருந்தது என்பது வணிகருக்கும் தெரியாது. இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைக் கல்லியேனஸ் இறந்து மூன்றாண்டுக்குப்பின் வாழ்ந்த ஒருவனின் கதை காட்டும்.

1900-இல் பிரான்சில் ஒரு காசு கிடைத்தது. போஸ்டுமஸ் தொடங்கிய மேற்குப் பேரரசின் பாணியில் இருந்த அதில் 'பேரரசர் டொமிட்டியானஸ்' என்று பெயர். அப்படி ஒரு பேரரசன் மேற்கில் ஆண்டதாக எந்த நூலும் சொல்லவில்லை. காசு எப்படி வந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லாததால் அறிஞர்கள் பலர் அதைப் போலி என்று ஒதுக்கினார்கள். நூறாண்டு கழிந்தது. 2003-இல் இங்கிலாந்தில் சால்குரோவ் என்னும் ஊரருகே, உலோகங்காட்டும் கருவியோடு வயலில் தேடிய ஒருவருக்கு ஒரு மண்பானை கிடைத்தது. ஏறக்குறைய 5,000 காசுகள் துருப்பிடித்து ஒரே கட்டியாக ஒட்டியிருந்தன. அவர் கட்டியை உடைக்கவில்லை. அப்படியே அருங்காட்சியகத்தாரிடம் சேர்த்தார். வல்லுநர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்தபோது உள்ளேயிருந்து வந்தது இரண்டாவது டொமிட்டியானஸ் காசு. 1900-இல் கிடைத்ததும் இதுவும் ஒரே அச்சில் அடித்தவை. பதினேழு நூற்றாண்டுகள் மூடிக்கிடந்த பானைக்குள் போலி எப்படி நுழையும்? மறக்கப்பட்ட ஓர் அரசன் வரலாற்றுக்குத் திரும்பி வந்தான்.

பானையைத் திறந்து, அழகானவற்றை மட்டும் பொறுக்கித் தேய்த்து விற்றிருந்தால்? இரண்டாவது காசும் போலி என்றே முடிந்திருக்கும்.

2010-இல் இங்கிலாந்தின் ஃபுரோம் நகருக்கருகே 52,503 காசுகள் கொண்ட பானை கிடைத்தது. கண்டவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாரை அழைத்தார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்தார்கள். உண்டியல் போல் ஆண்டுக்காண்டு போட்டிருந்தால் புதிய காசு மேலே, பழைய காசு கீழே இருக்க வேண்டுமல்லவா? அப்படி இல்லை, காலத்தால் பிந்திய காசுகளில் பெரும்பகுதி கீழ்ப்பகுதியில் கிடந்தது. ஆகவே பானை ஒரே சமயத்தில் நிரப்பப்பட்டது என்று தெரிந்தது. இந்தச் செய்தி 52,503 காசுகளில் எந்த ஒன்றிலும் எழுதப்படவில்லை. அவை கிடந்த வரிசையில் எழுதப்பட்டிருந்தது.

நம் மண்ணில் கிடைக்கும் ரோமானியக் காசு

தமிழகத்தில், சிறப்பாகக் கோவை வட்டாரத்தில், ரோமானியக் காசுகள் நிறையக் கிடைத்துள்ளன. வெள்ளிக் காசுகளில் பெரும்பான்மை அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இருவருடையவை. 64-இல் நீரோ டெனாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைப்பதற்கு முற்பட்டவை. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியத் தங்க நாணயங்கள் ஒன்றாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் தலைமேல் உளியால் கீறிய வெட்டு இருக்கிறது. தேய்ந்த காசு மீண்டும் செலாவணிக்கு வராமல் தடுக்க இட்ட குறி என்று கருதுவோர் உண்டு. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சிறு செப்புக் காசுகள் கரூர் அமராவதி ஆற்று மணலிலும் மதுரையிலும் கிடைக்கின்றன. நாணயவியலறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றைத் தொகுத்து 1994-இல் தனி நூலே எழுதினார்.

ஆற்று மணலிலிருந்து நேரே வியாபாரி கைக்குப் போன காசுகளை எண்ணிப் பாருங்கள். எந்தத் துறையில், எந்த ஆழத்தில், எந்தப் பானையோட்டோடு? கேட்க இயலாது. சென்ற ஆண்டு என் மாணவன் ஒருவன் ஆற்றங்கரையில் எடுத்த ஒரு சிறு காசைக் கொண்டுவந்தான். எனக்குக் கொடுக்கப்போவதால் நன்றாகத் தேய்த்துச் சுத்தம் செய்ததாகச் சொன்னான். புளியும் சாம்பலும் போட்டிருக்கிறான். பளபளவென்று ஒரு செப்பு வட்டம் என் உள்ளங்கையில் விழுந்தது. முகமும் இல்லை, எழுத்தும் இல்லை. அவன் அன்போடு செய்த வேலை அது. அதனால் திட்டவும் மனம் வரவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த வட்டந்தான்.

சேர்க்க விரும்பும் மாணவருக்கு

நீங்களும் பழங்காசு சேர்க்கலாம். சில விதிகளை மட்டும் மனத்தில் வையுங்கள்.

காசைத் தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பற்பசை எதுவும் கூடாது. மேலே உள்ள களிம்பே அதன் வயதுச் சான்று. கல்லியேனஸ் காசானால் மிஞ்சியிருக்கும் வெள்ளித் தோலும் அதனுடன் போய்விடும். விளிம்பைப் பிடித்து எடுங்கள். விரல் வியர்வையில் உப்பு இருக்கிறது.

கையில் வந்ததும் எழுதுங்கள். நிறை, விட்டம், வாசகம், எங்கே, எப்போது, யாரிடமிருந்து, உடன் என்ன கிடைத்தது என்பவற்றை ஓர் ஏட்டில் குறியுங்கள். குறிப்பில்லாத நூறு காசைவிடக் குறிப்புள்ள பத்துக் காசு மேல்.

போலியை ஐயுறுங்கள். வார்த்த போலியில் சிறு குமிழிப் பள்ளங்களும் விளிம்பைச் சுற்றி இணைப்புக் கோடும் இருக்கலாம். அடித்த காசில் அவை இரா.

மண்ணில் புதையலாகக் கிடைத்தால் அது உங்களுடையது என்று எண்ணாதீர்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் இன்றித் தொல்பொருள் விற்பதும், தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் குற்றம். சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று. பானையோடு சேர்ந்தால்தான் காசுக்கு வாய் உண்டு என்பதற்காகவும் அப்படியே விட்டுவிட்டுச் சொல்லி அனுப்புங்கள். வாங்க வசதி இல்லாதவர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ கரூர் அருங்காட்சியகத்துக்கோ செல்லலாம்.

கல்லியேனஸ் தன் காசில் அமைதி என்று எழுதினான். உள்ளே இருந்த செம்பு அதை மறுத்தது. அவனைச் சோம்பேறி என்று வரலாற்றாசிரியர் எழுதினார்கள். பட்டறைக் குறிகள் அதை மறுத்தன. இரண்டையும் நம்மால் சரிபார்க்க முடிந்தது, யாரோ சிலர் அந்தக் காசுகளைத் தேய்க்காமலும் கலைக்காமலும் வைத்திருந்ததால். அடுத்த முறை ஆற்று மணலில் பச்சைக் களிம்பேறிய ஒரு சிறு வட்டம் உங்கள் காலில் தட்டுப்பட்டால், குனிந்து எடுக்கும் முன் சுற்றிலும் ஒரு தடவை பாருங்கள். அந்த இடத்தை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.